பல்லி உபதேசியார்

காப்புக்காட்டுக்குள் ஊர்வலம் போக வேண்டுமானால் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இது விதி. வருவாய்த்துறையில் தலை நரைத்த எனக்குத் தெரிந்து, அந்த அனுமதியைப் பல்லியிடம் கேட்ட ஒரே மனிதர் எங்கள் உபதேசியார்தான்.

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலைமடிப்பில், இருளர்கள் கும்பிடும் பாறைச்சாமி இருக்கிறது. அடிவாரத்தில் மாதா கோயில். செப்டம்பர் திருவிழாவில் மாதா சப்பரத்தில் ஏறி, பள்ளத்தாக்குக்குள் போய்ப் பாறைச்சாமியைப் பார்த்துவிட்டு வருவார். பல்லி சொன்னால்தான் சப்பரம் நகரும். அதுவும் கிழக்கிலிருந்து சொல்ல வேண்டும். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் இருளர்தான். இதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. பங்குச் சாமியார் கண்டித்தபோது, "பல்லியப் படைச்சது யாருங்க சாமி?" என்று பணிவாகக் கேட்டுவிட்டு விளக்கேற்றப் போய்விட்டார்.

சென்ற ஆண்டு, திருவிழாவுக்குச் சில வாரம் முன்னால், யானை நடமாட்டம் என்று பாதையை அடைத்தார்கள். உபதேசியாருக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்த வருசம் இந்தக் காலு மலை ஏறாதுங்க. இந்தவாட்டி சப்பரத்து முன்தண்ட நாந் தூக்கிப்போட்டனா போதுங்க" என்றார்.

நான் மனு எழுதி, நகல் எடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன். பதில் இல்லை.

திருவிழாவன்று சப்பரம் சோதனைச் சாவடியில் நின்றது.

"ஆபீஸ்ல இருந்து ஒண்ணும் வரலீங்க" என்றார் வனக்காவலர்.

"இங்கயும் ஒண்ணும் வரலீங்க" என்றார் உபதேசியார், சாவடிக் கூரையைப் பார்த்தபடி.

மௌனம் சம்மதம் ஆகாது என்று நான் விதியை எடுத்துச் சொன்னேன். "பல்லிக்கும் அதேதானுங்க" என்றார் உபதேசியார். வெயில் ஏறியது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த சாமியார் என் காதருகே குனிந்து, "கிழக்கு எந்தப் பக்கமுங்க?" என்றார்.

அப்போது சாவடிக்குள், 'அனுமதியின்றி நுழையாதீர்' பலகைக்குப் பின்னாலிருந்து, பல்லி சொன்னது.

எல்லோரும் காவலரைப் பார்த்தோம்.

"பக்கம் சரிதானுங்களா?" என்றார் அவர்.

"கெழக்குச் செவுருதானுங்க. அதுவும் உங்க ஆபீஸ் பல்லிங்க."

காவலர் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினார். ஓடைக்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். பாறை வரைக்கும் முன்தண்டை உபதேசியார் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை.

இறங்கியதிலிருந்து அவருக்கு ஒரே கவலை: காவலரின் வேலைக்கு ஏதும் ஆகிவிடுமோ? என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க, பதிலு வந்துச்சுங்களா?" என்பார். இன்னும் வரவில்லை, வந்தால் அனுமதியாகத்தான் இருக்கும் என்றே சொல்லிவருகிறேன்.

அனுமதி மறுப்புக் கடிதம் வந்தது தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை.