விசில் கேட்காத வகுப்பு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கே நீங்களும், அக்காவும், மருமகளும், கடையில் உள்ள பீரோக்களும், அவற்றில் ஒன்று போன வருடம் மேலே விழுந்து இடப்பக்கமாகத் திருப்பிவிட்ட உங்கள் வலது கால் கட்டைவிரலும் நலம்தானே? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் என் போன் இப்போது என்னுடையதாக இல்லை. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே கடிதம்.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பீரோ கடையில் மேற்பார்வையாளர் வேலை தருவதாகச் சொன்னீர்களே, ஒன்றாம் தேதி முதல் வருகிறேன். நாற்காலியைத் துடைத்து வையுங்கள். விளையாட்டு வாத்தியார் வேலை இனி எனக்குச் சரிப்பட்டு வராது. இந்த ஒரு மாதத்தில் என் மரியாதை எப்படியெல்லாம் கப்பலேறியது என்று விவரமாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் மூடிப் பாடமெல்லாம் போனுக்குள் போனதும் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "போன்ல எப்படி சார் விளையாட்டு? உங்க பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துடலாமா?" என்றார். மச்சான், விளையாட்டுப் பீரியடை அதற்கு உரியவனிடம் முழுசாக விட்டுவைத்த பள்ளிக்கூடம் உலகத்தில் உண்டா? வெயில் என்றால் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார், மழை என்றாலும் அவரே வாங்கிக்கொள்வார், திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு மாசம் டைம் கொடுங்க மேடம். பிள்ளைங்க வரலைன்னா பீரியடையும் எடுத்துக்கங்க, என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசிலோடு கூடத்தில் நின்றேன். உங்கள் தங்கையின் தையல் மிஷின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் பெட்டி பெட்டியாக ஒரே கறுப்பு. கேமராவை மூடிக்கொண்டு எல்லாரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்களா, தூங்குகிறார்களா, தெரியவில்லை. விசிலை ஊதினேன். அந்த விசிலுக்குத் தெருவில் போகிற பஸ்ஸே ஒரு நிமிடம் தயங்கும். ஒரு பிள்ளை அசையவில்லை. இன்னும் பலமாக ஊதினேன், கன்னம் உப்பிக் கண் பிதுங்க ஊதினேன், அதற்குள் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். யாரோ ஒரு பிள்ளையின் அம்மா அவளுக்குப் போன் பண்ணி, "அக்கா, சாருக்கு மூச்சு முட்டுது, முகமெல்லாம் வீங்குது, ஓடுங்க!" என்றாராம். விசில் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரர், உங்கள் தங்கை அழுவதைப் பார்த்துச் சண்டையை மறந்து எனக்குச் செய்தித்தாளால் விசிறத் தொடங்கிவிட்டார். இத்தனையையும் வகுப்பு முழுவதும் பார்த்தது.

பிறகு உங்கள் தங்கையின் போனில் கூப்பிட்டு உங்கள் மகள்தான் விளக்கம் சொன்னாள். "மாமா, அந்த ஆப் மனுஷங்க குரலை மட்டும்தான் அனுப்பும். உங்க விசிலை இரைச்சல்னு நினைச்சு வடிகட்டிடுது." கேட்டீர்களா? என் பிழைப்பே அதற்கு இரைச்சல்! மறுநாள் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். தெருவுக்கே கேட்டது, வகுப்பைத் தவிர.

வேறு வழியில்லை, பேசியாக வேண்டும். மச்சான், ஒரு விசில் அடித்தால் ஓடு, இரண்டு அடித்தால் நில். இதைத் தவிர நான் பிள்ளைகளிடம் எதைப் பேசியிருக்கிறேன்? என்ன சொல்வதென்று தெரியாமல், "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவைத்தேன். அப்புறம் ஒரு சின்னக் குரல், "சார், நீங்க பேசுவீங்களா?" என்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினேன். இருமலையும் அந்த ஆப் வடிகட்டிவிட்டது, நல்லவேளை.

அன்றைக்குத் தொடங்கியது தொல்லை. ஒருத்தி தன் நாய் குட்டி போட்டதைச் சொன்னாள், இன்னொருத்தி தூக்கம் வரவில்லை என்றாள். கேமராவைத் திறக்கச் சொன்னேன். "வீட்டைக் காட்டக் கூச்சமா இருக்கு சார். பின்னாடி அப்பா தூங்குறாங்க, ராத்திரி வேலை" என்றாள் ஒரு பெண். "மூஞ்சியும் வேண்டாம், வீடும் வேண்டாம், போனைக் கீழ வச்சு காலை மட்டும் காட்டுங்க" என்றேன். மச்சான், ஒவ்வொரு பெட்டியாக வெளிச்சம் வந்தது. ஒரே கால்கள்! மைதானத்தில் நான் பார்த்ததெல்லாம் கால்தானே, பெயர் மறந்தாலும் கால் எனக்கு மறக்காது. "அடடே, ஹைஜம்ப், நீயா? புயல், நகத்தை வெட்டு!" என்று ஒவ்வொருவரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரே கூச்சல். கூச்சலை மட்டும் அந்த ஆப் வடிகட்டவே இல்லை.

புயல் என்கிற பெண்ணின் பக்கத்து வீடுகளில் போனே கிடையாது. அவள் மொட்டை மாடியில் போனை வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கத்திச் சொல்ல, அடுத்தடுத்த மாடிகளில் அவள் வகுப்புத் தோழிகள் நின்று செய்தார்கள். இதைக் கேள்விப்பட்ட கணக்கு டீச்சர் அதே வழியைப் பிடித்துக்கொண்டார். இப்போது மாடிக்கு மாடி அல்ஜீப்ரா பறக்கிறது, துணி காயப்போட வந்த அம்மாக்கள் விடை சொல்கிறார்கள். என் வகுப்பிலும் பாதிக் கால்கள் பெற்றோருடையவை. கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்துவிட்டார், நாங்கள் குதிக்கும்போது தானும் குதித்தால் மேலிருந்து வரும் சத்தம் கேட்பதில்லையாம். போதாததற்குப் பெயரே போடாத ஒரு பெட்டி வருகிறது. காலுறை போட்ட பெரிய கால்கள். குதிக்கச் சொன்னால் மற்ற கால்களெல்லாம் மேலே போய் மறையும், இவை மட்டும் குதிகாலை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தரையிலேயே நிற்கும். ஆனாலும் ஒரு நாள் தவறியதில்லை. "பேரில்லாத காலே, சபாஷ்!" என்று தினமும் தட்டிக்கொடுக்கிறேன்.

இதெல்லாம் ஒரு வாத்தியாருக்கு அழகா, சொல்லுங்கள். நாளையோடு மாதம் முடிகிறது. தலைமை ஆசிரியை வகுப்பைப் பார்க்க வருகிறார். அவர் போகச் சொல்வதற்கு முன் நானாகப் போவதுதான் மரியாதை. ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. அக்காவுக்கு என் வணக்கம். மருமகள் நூறு வயது நன்றாக ஓடியாடி இருக்கட்டும். உங்கள் கடை பீரோ ஒவ்வொன்றும் நல்ல வீடு போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வருங்கால மேற்பார்வையாளர்

பின்குறிப்பு: உறை ஒட்டியிருந்ததைப் பிரித்து எழுதுகிறேன். இன்று காலை தலைமை ஆசிரியை வந்தார், அவரும் கால் மட்டுமே காட்டினார். "சாரைப் பார்க்க ஏழு மணிக்கு வர்ற பிள்ளைங்க அப்படியே சாயங்காலம் வரைக்கும் எல்லா வகுப்புலயும் இருந்துடுறாங்க. இந்தப் பீரியடை இனி யாரும் தொடக்கூடாது" என்று, வகுப்புக்கு வந்திருந்த கணக்கு டீச்சரின் கால்களுக்குக் கேட்கும்படி சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் உங்கள் மகள் உங்கள் தங்கையின் போனுக்குப் படம் அனுப்பி ஏதோ ஒரு பொத்தானைக் காட்டி, "இதை அமுக்கினா விசில் கேக்கும் மாமா" என்றாள். அமுக்கி ஊதினேன். "வேண்டாம் சார், பேசுங்க சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது. விசிலைக் கழற்றித் தையல் மிஷின் டிராயரில் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. இன்று அந்தப் பெயரில்லாத கால்கள் காலுறை போடாமல் வந்தன. பின்னால் பெருக்கிக்கொண்டிருந்த உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, "என்னங்க, கட்டைவிரல் இடப்பக்கம் திரும்பி நிக்குது பாருங்க. இது எங்க அண்ணன் கால்!" என்றாள்.

மச்சான், மாணவரிடம் நான் எப்படி வேலைக்கு வருவேன்? அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுங்கள், நீங்களும் அதில் அதிகம் உட்கார வேண்டாம். நாளை ஏழு மணிக்கு உங்கள் பெட்டியில் பெயர் இருக்க வேண்டும். குதித்தால் கால் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும்.