ஐந்து நேர்கோடும் ஒரு துள்ளலும்

இந்த இரண்டாயிரத்து நான்கில் ஊருக்கே ஸ்கேன் பைத்தியம் பிடித்திருக்கிறது. தும்மினால்கூட மூளையைப் படம் எடுக்கிறார்கள். எங்கள் கடலோர ஆராய்ச்சி நிலையம் மட்டும் சும்மா இருக்குமா? மூளை தமிழை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று ஆராய எந்த மெஷின் உகந்தது என ஒப்பிட்டறிய மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் ஐந்து உறுப்பினர்களுக்கும் அடியேன் தலைவன். மூளையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் சீனியாரிட்டி இருந்தது.

முதல் மெஷின், ஒயர் வைத்த தொப்பி. மூளை எப்போது விழித்தது என்று கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடும், எங்கே என்று திட்டமாகச் சொல்லாது. இரண்டாவது, செங்கல்பட்டு ஸ்கேன் சென்டரிலிருந்த குகை மெஷின். எங்கே என்று சொல்லும், ஆனால் அந்த இடத்துக்கு ரத்தம் பாய்ந்து சேரும்வரை காத்திருக்கும். ஆபீஸ் மாதிரியே இருக்கிறதே என்று எங்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். உள்ளே படுப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. பேச்சை ஆராய இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

சோதனை எளிது. காதில் ஒரு வாக்கியம் ஒலிக்கும். அது உளறலாக இருந்தால் மூளை திடுக்கிட வேண்டும், திரையில் ஓடும் கோடு துள்ள வேண்டும். எங்கள் ஐந்து வழுக்கையிலும் ஒயர் சமர்த்தாக ஒட்டிக்கொண்டது. ஒப்பிட இன்னொரு தலை வேண்டுமே என்று வேன் டிரைவர் எல்லப்பனைக் கூப்பிட்டோம். திருவிடந்தைக்காரர். தலையிலிருந்த தேங்காயெண்ணெய் போக இரண்டு தரம் ஷாம்பு போட வேண்டியிருந்தது.

"சம்பத் மீன்குழம்பில் ரயிலைப் பிசைந்து சாப்பிட்டான்" என்றது டேப். எல்லப்பனின் கோடு எகிறிக் குதித்தது. எங்கள் கோடுகள் அசையவே இல்லை. காலமெல்லாம் சுற்றறிக்கை படித்த தலைகள் அல்லவா. குகையிலும் அதே கதைதான். எல்லப்பனுக்கு இடப்பக்கம் பளிச்சென்றது, எங்களுக்குக் கும்மிருட்டு. என் இருட்டை மட்டும் கோப்பின் அடியில் செருகி வைத்தேன்.

குழு கூடி ஆழ்ந்து பரிசீலித்தது. இரண்டு மெஷினும் ஒரே முடிவைச் சொல்வதால் இரண்டிலும் பழுதில்லை. ஆறில் ஐந்து தலை ஒரே மாதிரி இருப்பதால் அதுவே இயல்பு. ஆகவே பழுது ஆறாவது தலையில். திடுக்கிடும் மூளையிடம் வேனை ஒப்படைப்பது பொதுநலனுக்கு உகந்ததன்று எனக் கருதி, எல்லப்பனை வண்டியிலிருந்து இறக்கினோம்.

அவர் என் அறைக்கு வந்து நின்றார். வேறு தொழில் தெரியாதாம், வீட்டில் ஐந்து வயிறாம்.

"ரயில எவனாவது துன்னுவானா சார்? அத்த கேட்டா தூக்கிவாரிப் போடாதா?"

"எங்களுக்குப் போடலையே, எல்லப்பா," என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

உறுப்பினர் பக்தவத்சலம் வேனை ஓட்ட முன்வந்தார். எதிரே லாரி வந்தபோதும் அவர் திடுக்கிடவில்லை. இப்போது காலில் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறார். நாங்கள் பஸ்ஸில் போய்வருகிறோம். எல்லப்பன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மூவர் குழுவுக்கு ஐந்து உறுப்பினர் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே, அப்போது உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டதா? இல்லையென்றால் வாருங்கள். பக்தவத்சலத்தின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.