தம் பாய் டேப்லெட்டுக்கு ஒத்தடம் கொடுத்தார்

ராயபுரத்தில் திறக்க முடியாத பொருள் என்று ஒன்று இருந்தால், அதை இன்னும் யாரும் தம் பாயிடம் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி சமைப்பவர். தம் போட்டுவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாரென்றால், மாப்பிள்ளையே வந்து கெஞ்சினாலும் மூடி அசையாது. உலகத்தில் எல்லாமே இளகக்கூடியது, சூடு கொஞ்சமாகவும் நேரம் தாராளமாகவும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. அதைப் பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம்.

மளிகைக்கடை அண்ணாச்சியின் ஷட்டர் கடல் காற்றில் துருவேறி இறுகிவிட்டது. அண்ணாச்சி சுத்தியலால் அடித்துத் தெருவையே எழுப்பிக்கொண்டிருந்தார். பாய் வந்து சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். வெந்நீரில் நனைத்த சாக்கை ஷட்டரின் இரண்டு ஓரமும் சுற்றினார். எதிரே குந்தி உட்கார்ந்து முழு டீயையும் நிதானமாகக் குடித்தார். பிறகு எழுந்துபோய் ஒரே விரலால் தூக்கினார். அண்ணாச்சி அன்று முழுக்க வியாபாரத்தை விட்டுவிட்டு அந்த விரலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இன்னொரு சமயம், வருஷக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரை ஒரு மண்டபத்துச் சமையலறையில் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் ஒரு மூட்டை வெங்காயத்தைக் கொட்டி உரிக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் இருவர் கண்ணிலும் தாரைதாரையாகத் தண்ணீர். எதிரே இருப்பவன் வெங்காயத்தால் அழுகிறானா பாசத்தால் அழுகிறானா என்று புரியாமலேயே ஒருவரையொருவர் மன்னித்துவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் மனைவி செல்வியின் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

செல்வி கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறாள். டிசைன்களை டேப்லெட்டில்தான் வரைவாள். அந்த வாரம் ஒரு மணப்பெண் மயிலை அன்னமாக்கச் சொல்லி, அன்னத்தை மறுபடி மயிலாக்கச் சொல்லி, ஒருவழியாகத் திருப்தி அடைந்திருந்தாள். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. அன்று பார்த்து டேப்லெட்டின் திரை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. உள்ளே பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்து வைத்தோம்.

"வேற எங்கேயாவது காப்பி போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே பதில். திறந்தால் திரை உடையும், உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை, பேசாமல் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் புது பேட்டரியும் குட்டி ஸ்க்ரூ டிரைவர்களும் வாங்கிக்கொண்டு, நேராகப் பாய் வீட்டுக்குப் போனேன்.

"பாய், டேப்லெட் வீங்கிப்போச்சு."

"மாத்திரைய முழுங்குனாதான் ஆளு வீங்குவான். மாத்திரையே வீங்கிக்கிச்சா? இன்னா நைனா சொல்ற?"

எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். அவர் வாழ்நாளில் டேப்லெட்டைத் திறந்ததில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அவர் முகத்தில் அது தெரியவே இல்லை.

"காலைல வரேன். மொட்ட மாடில வேல. வூட்டுக்குள்ள வோணாம்."

மறுநாள் ஒரு கையில் அடிகனமான வாணலி, மறு கையில் ஒரு பக்கெட் மணலோடு வந்து சேர்ந்தார். கறி புரட்டும் நீள இடுக்கி தோளில் தொங்கியது. "மணல் எதுக்கு பாய், வீடு கட்டப்போறோமா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கெட்டை மாடியின் கோடியில், கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்தார். முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தார். பிறகு டேப்லெட்டின் ஓரங்களில் மட்டும், பல்வலிக்காரனுக்குக் கொடுப்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தார். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் உப்பு வறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு அன்று வியர்த்த வியர்வை போதும்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் பாய்?"

"கம்முனு இரு நைனா. தம் போட்டுகீது இல்ல?"

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் தெருமுனையைக் கடந்தால் வீடே ஒரு குலுங்கு குலுங்கும். ஒவ்வொரு லாரிக்கும் பாய் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டார். "இது காலி வண்டி, போவட்டும்", "இது லோடு வண்டி, இரு" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு, குலுக்கல் அடங்கிய பிறகுதான் விட்ட இடத்தில் தொடர்ந்தார். நெய் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியில் வெட்டிய துண்டை இடுக்கில் விட்டு நகர்த்திக்கொண்டே வந்தார். திரை ஒரு பெருமூச்சு விட்டதுபோலக் கழன்று கையில் வந்தது. நானும் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

உள்ளே பார்த்து அவரே ஒரு நிமிஷம் வாயைத் திறந்துவிட்டார். "இன்னாம்மா இது, மேலேர்ந்து ஹார்பர பாத்தா மாரி கீது!"

ஒயரைக் கழற்றியாயிற்று. பேட்டரியோ பசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெம்பக் கூடாது, குத்தக் கூடாது என்று நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பாய் பக்கத்தில் நின்ற செல்வியைப் பார்த்தார். "தங்கச்சி, உன் பட்டு நூலு குடு." நூலைப் பேட்டரிக்கு அடியில் விட்டு, ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை அவள் பிடித்தாள். வெண்ணெயை அறுப்பதுபோல இருவரும் இழுத்து இழுத்து அறுத்தார்கள். பேட்டரி எழும்பி வந்தது. பாய் அதை இடுக்கியால் பிடித்துத் தூக்கினார்.

அப்போதுதான் அது "ஸ்ஸ்ஸ்" என்றது.

மூலையிலிருந்து சாம்பல் நிறப் புகை. மூக்கைத் துளைக்கும் ஒரு தித்திப்பு வாடை. செல்வி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பாய் ஓடவில்லை. இடுக்கியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பந்தியில் கறி பரிமாறப் போகிறவர்போல, அந்த நீள மாடியை நடந்தே கடந்தார். பாதி தூரத்தில் அது குபீரென்று பற்றிக்கொண்டது. அவர் நடை கூடவில்லை, குறையவில்லை. மணலில் இறக்கினார். கையால் மணலை அள்ளி அள்ளி மூடினார். புகை அடங்கும்வரை எங்களுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் முதுகைக் காட்டியபடி நின்றார். அடுப்பெரித்து அடுப்பெரித்து வெந்துபோன அந்த மெலிந்த முதுகை நான் அதற்குமுன் சரியாகப் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார். முழங்கை வரை ரோமம் கருகியிருந்தது. புது பேட்டரியைக் கையில் எடுத்தவர், மறுபடி கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, புதுச நீயே வெச்சிடு. என் கை இப்ப சரியில்ல."

பாசிமணியைத் துணியில் பதிக்கும் விரல்கள் அவளுடையவை. பேட்டரியை வைத்து, ஒயரின் நுனியை அழுத்தி, திரையை மேலே பொருத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரைச் செருகிவிட்டு மூவரும் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாய், "இரு, தம் ஏறட்டும்" என்றார்.

ஏறியது. முதலில் ஒரு சின்ன வெளிச்சம், பிறகு மயில். அன்னமாகிப் பிழைத்து வந்த அதே மயில். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாய் துறைமுகத்துக் கிரேன்களை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். "நெருப்பப் புடிச்சிக்கினு எப்படி பாய் அவ்ளோ மெதுவா நடந்தீங்க? பயமே இல்லையா?"

"பயம் இல்லாம இன்னா? உசிரு தொண்டைல கீது. நான் ஓடுனா நீங்க ரெண்டு பேரும் பயந்துக்குவீங்களே நைனா."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் எதுவும் மக்கர் செய்வதில்லை. அதனால், ஊறுகாய் பாட்டிலின் மூடியை நானே நன்றாக இறுக்கி முறுக்கி, அதைத் திறக்க எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் பாய் வீட்டுக்குப் போய்வருகிறேன்.