ஒரு வார்த்தைக்கு மூன்று மொட்டை

2005 மே 22, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி பத்து நாற்பது. மேகம் கிடையாது, காற்று கிடையாது. சிவகாசியில் அன்று வெயில் மட்டும்தான் இருந்தது. அந்த நிமிடத்தில் நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். பட்டாசுக் கம்பெனி ஸ்டோரில் வருடக்கணக்காகப் பெட்டி எண்ணியவன், ஒரு பெட்டி குறைந்தாலும் தூக்கம் வராதவன், என் வாயிலிருந்து வந்ததை மட்டும் எண்ணாமல் விட்டேன்.

எல்லாம் என் மகன் சங்கரின் முடியால் வந்தது. அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, அச்சகத்தில் வேலை. பதினைந்து மாதமாக முடி வெட்டவில்லை. ஏன் என்று கேட்டால், “ஒரு காரணமும் இல்லப்பா. வளருது, விட்டிருக்கேன்” என்பான். (காரணம் இருந்தால் சண்டை போடலாம். இல்லாத காரணத்தோடு எப்படிச் சண்டை போடுவது?) எங்கள் ஊரில் ஆண்பிள்ளை முடி வளர்த்தால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “எந்தக் கோயிலுக்கு?” ஒரே மாதத்தில் முப்பத்திரண்டு பேர் கேட்டார்கள். இதில் பால்காரரை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் முத்துலட்சுமியைப் பெண் பார்க்க வெம்பக்கோட்டையிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவது வரன். முந்தைய நான்கு வீட்டாரும் வடை தின்றுவிட்டுப் போனதோடு சரி, பதில் வரவில்லை. (மொத்தம் அறுபத்தேழு வடை.) ஆனால் இந்த மாப்பிள்ளை காளிராஜனைக் கதவிடுக்கில் பார்த்த மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்துத் தொலைத்தேன். அப்போது பிடித்தது பயம்.

சங்கரை மத்தியானம் வரை வீட்டுப் பக்கம் தலைகாட்டாதே என்று அனுப்பியிருந்தேன். அவனோ தங்கைக்கு உதவி செய்வதாக நினைத்து, ஒரு பெட்டிக் கலர் சோடாவைத் தோளில் சுமந்துகொண்டு நேரே கூடத்தில் வந்து நின்றான். முடியைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டு வழியில் அறுந்திருக்கிறது. முடி தோளுக்குக் கீழே தொங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா வடைத் தட்டைக் கீழே வைத்தார்.

“இது யாருண்ணே?”

“எம் மகன்தான் தங்கச்சி.”

“முடி அம்புட்டு...”

“நேர்த்திக்கடன்” என்றேன். “இவளுக்கு நல்ல இடம் அமையணும்னு இருக்கன்குடி மாரிக்கு.”

அந்த அம்மாவின் கைகள் தானாகக் கும்பிட்டன. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கும்பிட்ட கையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “குடும்பத்தோட மொட்டை” என்றேன்.

அடுப்படியில் என் மனைவி பாக்கியத்தின் கையிலிருந்து என்னவோ விழுந்து உருண்டது.

“குடும்பத்தோடன்னா... பொண்ணுமா?” என்றார் அந்த அம்மா.

“சேச்சே. பொம்பளைகளுக்குப் பூமுடி. மூணு விரக்கடை நறுக்குனாப் போதும். ஆம்பளைகதான் முழு மொட்டை.”

“அப்பச் சரி. கல்யாணத்துக்கு முன்னாடியே செலுத்திருவோம்ணே. நாங்களும் வாரோம்.”

வரன் முடிந்தது. வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் சங்கர் ஆரம்பித்தான்.

“நேந்தது நீங்க. முடி என்னுது.”

“ஏலே, வாய் தவறி வந்துருச்சுலே.”

“அப்ப வாய்க்கு மொட்டை போடுங்க.”

பாக்கியம்தான் தீர்ப்புச் சொன்னாள். “ஆத்தா பேரச் சொல்லியாச்சு. இனிமே அது பொய்யும் கெடையாது, மெய்யும் கெடையாது. கடன்.”

பத்தொன்பது நாள் சங்கர் என்னோடு பேசவில்லை. இருபதாம் நாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தங்கையிடம், “ஒனக்கு அவரப் புடிச்சிருக்கா?” என்று கேட்டான். அவள் இட்லி வைத்துக்கொண்டே “ம்” என்றாள். ஒரே எழுத்து. அந்த ஒரு எழுத்துக்கு அத்தனை முடியையும் கொடுக்க ஒத்துக்கொண்டான். என் பொய்யைப் பற்றி இன்றுவரை வெளியில் மூச்சு விட்டதில்லை.

ஆடி மாதக் கடைசியில் இருக்கன்குடிக்குப் போனோம். முடி இறக்குகிறவர், “எத்தன தலை?” என்றார்.

“ரெண்டு. எனக்கு முடி கம்மி. பாத்துப் போடுங்க.”

“முடிக்கு இல்லய்யா, தலைக்குத்தான் ரேட்டு.”

வழுக்கையை மறைக்க இடது காதிலிருந்து வலது காதுவரை நான் படியச் சீவி வைத்திருந்ததை அவர் எடுத்துப் பிரித்து நீட்டினார். “ஐயா, ஒங்க முடிக்கும் பையன் முடிக்கும் நீளத்துல ரெண்டு அங்குலந்தான் வித்தியாசம்” என்றார். நீளமுடிக்காக மகனை இவ்வளவு திட்டியவன், நானே ஒன்பது அங்குலம் வளர்த்திருக்கிறேன்! சங்கர் சிரித்த சிரிப்பில் கத்தி இரண்டு முறை நின்றது.

எங்கள் வேலை முடிந்ததும் பலகையில் மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை.

“நீங்க எதுக்கு மாப்ள?” என்று பதறினேன்.

“குடும்பத்தோடன்னுதான மாமா சொன்னீக?” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அதிலிருந்து பதினெட்டாம் நாள், ஆவணியில் கல்யாணம். மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான், பன்னீர்ச் செம்போடு சங்கர், மாலையோடு வந்து இறங்கிய மாப்பிள்ளை. மூன்று தலையிலும் அரை விரக்கடைகூட முடி இல்லை. எங்கள் பக்கம் ஒரு வீட்டு ஆண்கள் சேர்ந்தாற்போல் மொட்டையடித்திருந்தால் முதலில் தோன்றுவது சாவுதான். அது என் மண்டைக்குள் ஏறவே இல்லை. முதலில் வந்தவர் சந்தனத்தைத் தொடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்பத் தவறுனாக?” என்றார். ஒன்பது பேர் அப்படிக் கேட்டார்கள். காரியாபட்டியிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட தம்பி படியிலேயே நின்று எங்களைப் பார்த்தான். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, மொய்க் கவரோடு திரும்பிப் போய்விட்டான்.

பந்தியில் பேச்சு முற்றியது. மாப்பிள்ளைக்கும் மொட்டை என்பதால் செத்தது மாப்பிள்ளையின் அம்மாதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். “தீட்டு வீட்டுல தாலி கட்டலாமாய்யா?” என்று ஒரு பெரியவர் எழுந்தார். பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்தார்கள். மணவறையில் என் மகள் கண் கலங்க என்னைப் பார்த்தாள். நான் நாலு பக்கமும் ஓடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. (தேவையில்லாத அன்று வந்ததே!)

அப்போது சம்பந்தியம்மா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கைப் பிடுங்கினார்.

“யாரும் சாகல! நான் உசுரோடதான் இருக்கேன்! ஆத்தாவுக்கு முடி எறக்கிருக்கோம். எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க!”

எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். தாலி ஏறியது. எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவில் முதலில் கேட்கும் குரல் அதுதான். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் யாருக்குப் போன் செய்தாலும், “யாரும் சாகல, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றுதான் தொடங்குவார்கள்.

மூன்று வருடம் கழித்து, பேத்தியின் காதுகுத்தில் சம்பந்தியம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார். “நேர்த்தி முடிக்கு யாருண்ணே ஷாம்பு போடுவா? அன்னைக்கு அவன் உள்ள வரயிலயே ஆப்பிள் வாடை வந்துச்சு.”

“பெறகு ஏன் தங்கச்சி ஒத்துக்கிட்டீக?”

“பிள்ளைய விட்டுக்குடுக்காம ஆத்தாவையே சாட்சிக்கு இழுத்தீகளே. இந்த வீட்டுல தைரியமாச் சம்பந்தம் பண்ணலாம்னு தோணுச்சு.”

நான் அன்று காப்பாற்றப் பார்த்தது மகனையல்ல, என் மானத்தை. இதை அவரிடம் நான் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், படித்தால் படிக்கட்டும்.

மகனும் மருமகனும் சம்பந்தியம்மாவும் எனக்குக் கொடுத்ததை எண்ணிப் பார்த்தேன், கணக்கில் அடங்கவில்லை. நான் கொடுத்தது அடங்குகிறது. இருக்கன்குடி வேனுக்கு எழுநூற்றைம்பது, மூன்று தலைக்கு முப்பது, சந்தனம் பன்னிரண்டு, பொங்கல் சாமான் நூற்று நாற்பது, அழுதுகொண்டே போன காரியாபட்டித் தம்பியைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருப்பிக் கூட்டிவந்த ஆட்டோவுக்கு நாற்பது. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ரூபாய்.