ஏழாம் லைனில் பிழை

"ஏழாம் லைன்ல பிழை இருக்குன்னு காட்டுதுடா!"

பீலியடிக் கல்லில் லெப்டொப்பை வைத்துக்கொண்டு, தனுஷன் கைபேசியில் கத்தினான். தோட்டத்தில் இணையம் ஒழுங்காக எட்டிப் பார்க்கும் இடம் அதுதான். தண்ணீர் பிடிக்கும் இடமும் அதுதான். ஆகவே அங்கே காதுகளுக்குப் பஞ்சமில்லை.

விஷயம் இதுதான். தனுஷனுக்குச் சொந்தமாக ஓர் இணையத்தளம் உண்டு. பேர், 'பனி மறைத்தவை'. அன்றன்று பனி எதையெல்லாம் விழுங்கியது என்று எழுதுவான்: கோயில் கோபுரம், கொழுந்து நிறுக்கும் மடுவம், பாதி லொறி. வேலைவெட்டி உள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்கக் கூடாது. எழுதியதைக் கணினியில் ஒரு மென்பொருளிடம் கொடுத்தால், அது ரொட்டி சுடுகிற மாதிரி முழுத் தளத்தையும் புதிதாகச் சுட்டு அடுக்கும். மாவில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் சுடாது. நாலு நாளாகச் சுடவில்லை.

கொட்டகலை மருந்துக் கடையில் வேலை செய்யும் சுதர்ஷினி நேற்றே சொல்லிவிட்டாள். "நாளைக்கு மூணு மணிக்கு டீ குடிக்கிறப்ப பார்ப்பேன். அப்பவும் பழசே கெடந்துச்சுன்னா, இனிமே அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்."

அந்தப் பக்கம் என்றது தளத்தையா, தன்னையா என்று தனுஷனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

கொழும்பிலிருந்து நண்பன் சுமன் வைத்தியம் சொன்னான். தனுஷன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னான்.

"ஏழாம் லைன்ல ஒரு எடம் சும்மா கெடக்கா? சரி, எடுத்துர்றேன்."

கணினிக்கு லைன் என்றால் எழுத்து வரி. தோட்டத்துக்கு லைன் என்றால் பத்துக் குடும்பம் ஒட்டிக் குடியிருக்கும் லயம். குடம் நிரப்பிக்கொண்டிருந்த ஏழாம் லயத்து ராசம்மா, குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பனிக்குள் நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில், சுருட்டிய பாயோடு மூக்கன் பனியிலிருந்து முளைத்தார்.

"தம்பி, அந்தக் காலி வீட்ட எனக்கே குடுத்துருப்பா. மருமக வந்ததுலருந்து அடுப்படியிலதான் படுக்கிறேன்."

"மாமா, அது வீடு இல்ல. வெறும் இடைவெளி."

"எடைவெளி போதும்பா. நான் ஒல்லிதானே."

அவரை அனுப்பிவைத்த பதற்றத்தில் தனுஷனின் விரல் தவறியது. "டேய் சுமன், ஏழாம் லைனையே தூக்கிட்டேன்டா! இப்ப எட்டாம் லைன்ல பிழைங்குது!"

பனிக்குள்ளிருந்து 'ஐயோ' என்று ஒரு பெருங்குரல் வந்தது.

தனுஷன் கைபேசியில்தான் குறியாக இருந்தான். "என்னது? ஏழையும் எட்டையும் ஒண்ணாச் சேர்க்கவா?"

"யாரோட சேர்க்கிறது?" எட்டாம் லயத்துக் குரல் ஒன்று பாய்ந்தது. "எங்க சேவல குழம்பு வச்சவங்களோடயா?"

"வச்சோம். ருசியாவே இல்ல!" என்றது ஏழாம் லயம்.

பனி இன்னும் கீழே இறங்கியது. ஆட்களைக் காணோம், குரல்கள் மட்டும் தேயிலைக்கு மேலே மிதந்துகொண்டு ஆபீஸ் பக்கம் போயின. 'இன்று பனி இரண்டு லயங்களை விழுங்கியது. சண்டையை மட்டும் துப்பிவிட்டது' என்று ஒரு வரி தனுஷனுக்குள் ஊறியது. கண்ணை மூடி அதை ரசித்துக்கொண்டிருந்தான். மணி இரண்டேகால்.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா அந்தக் குளிரிலும் வேர்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு சொன்னது லைன இடிக்கிறோம்னு? இடிக்கிறவன் கூரை போடுவானா? டேய், ஸ்டோர்ல இருக்கிற தகரத்த எல்லாம் ஏத்துங்கடா!"

தொழிற்சங்கத்துக்காரர்கள் வருவதற்குள் நிரூபித்துவிட வேண்டும் அவருக்கு. பதினோரு வருடமாக ஒழுகிய ஏழாம் லயத்துக் கூரையில் புதுத்தகரம் ஏறத் தொடங்கியது.

தனுஷனுக்கு மனசாட்சி உறுத்தியது. "ஐயா, அது வந்து, கம்ப்யூட்டர்ல..."

ராசம்மா அவன் காலை நன்றாக மிதித்தாள். "தம்பி, ஏணியப் புடிங்க!"

ஏணியைப் பிடித்தான். ஆணி எடுத்துக் கொடுத்தான். லெப்டொப்பை நோக்கி நகர்ந்தபோதெல்லாம் யாராவது கையில் தேத்தண்ணியைத் திணித்தார்கள். கடைசித் தகரம் ஏறியபோது மணி மூன்று பத்து.

தளத்தில் பழசே கிடந்தது. தனுஷன் ஈரக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"போச்சுக்கா. சுதர்ஷினி பார்த்திருக்கும். எல்லாம் போச்சு."

ராசம்மா புதுக்கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க தம்பி. நான் அப்பவே போன் போட்டுக் கேட்டப்ப, அது கம்ப்யூட்டர் லைன்னு சொன்னதும் சுதர்ஷினிதான், தகரம் ஏறி முடியிற வரைக்கும் ஒங்கள அதச் சரிபண்ண விட்றாதீங்கன்னு சொன்னதும் சுதர்ஷினிதான்!"