வளையல் தட்டும் இடம்பொருள் மந்திரியும்

அந்த நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. வரைபடம் எழுதப் புறப்பட்டவர், நாலு ஊர் பார்த்த மாதிரியும் இருக்கட்டும் என்று தன் தாயாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். எல்லையில் இருந்த படகுத்துறையில் இறங்கியதும், நெடுநாள் கழித்துச் சந்தித்த இரண்டு நண்பர்கள் நலம் விசாரித்துக்கொண்டது காதில் விழுந்தது. ஒருவன் மற்றவனுடைய அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அவன் பதிலுக்கு இவனுடைய அக்காவைப் பற்றி இரண்டு சொன்னான். பிறகு இருவரும் கண்கலங்கக் கட்டிக்கொண்டார்கள். வரைபடக்காரர் பதறிப்போய்த் தாயாரின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினார். பிடித்திருந்த தாளும் மைக்கூடும் ஆற்றோடு போயின. அன்றிலிருந்து அந்த இடம் வரைபடத்தில் வெறும் வெள்ளையாகவே இருக்கிறது.

நாட்டின் பெயர் மார்தட்டிபுரம். அங்கே ஆண்பிள்ளைகள் மார்பைத் தட்டிய தட்டில் மூன்று தலைமுறையாகக் குருவிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். முறுக்கு மீசைக் கட்சிக்கும் தொங்கு மீசைக் கட்சிக்கும் போட்டி. இரண்டுக்கும் மீசையைத் தவிர வேறு வேறுபாடு கிடையாது. ஜெயித்தவருக்கு முதல் மீசையார் என்று பட்டம்.

பேரவை வாசலில் 'பெண்ணே இந்நாட்டின் கண்' என்று பொன்னெழுத்தில் செய்து மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒருவரை ஒருவர் திட்டுவதற்கு அதே பெண்தான் பயன்பட்டாள். பயந்தவன் பொம்பளை. அழுதவன் பொம்பளை. பேச்சை மாற்றியவன், சோறு மிச்சம் வைத்தவன், தும்மலுக்குக் கைக்குட்டை பிடித்தவன் எல்லோரும் பொம்பளை. எவனாவது கோழை என்று நிரூபணமாகிவிட்டால் அவனுக்குத் தாம்பாளம் நிறைய வளையல் அடுக்கி, ஒரு புடவையை மடித்து வைத்து, மேளதாளத்தோடு அனுப்புவார்கள். அடுக்கு உயர உயர வாசலில் இடித்தது. வளையலைக் குறைப்பதா என்று விவாதித்து, பொன்னெழுத்துகளை மேலே தூக்கி மாட்டினார்கள்.

இவ்வளவு திட்டு புழங்கும் நாட்டில் எது வசை, எது வசை இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? அதற்காக ஏற்பட்டது இடம்பொருள் இலாகா. அதன் மந்திரி மெய்யப்பர். படித்தவர், மெதுவாகப் பேசுபவர், வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை என்று பெயர் வாங்கியவர். யாராவது யாரையாவது திட்டினால், அவை முழுக்க அவர் பக்கம் திரும்பும். அவர் எழுந்து, கண்ணை மூடி, "இடம்... பொருள்... ஏவல்..." என்று மூன்றையும் மனத்தில் எடை போட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

எதிர்வரிசை உறுப்பினர் ஒருமுறை ஒரு மந்திரியைப் பார்த்து, "போய்ப் புடவையைக் கட்டிக்கிட்டு வீட்ல உக்காருய்யா" என்றார். அது தாய்க்குலத்தை இழிவுபடுத்தும் வசை என்று தீர்ப்பானது; அவர் நாக்கில் ஒரு கரண்டி வேப்பெண்ணெய் ஊற்றினார்கள். மறுநாள் அந்த மந்திரி அதே வார்த்தையை அவரைப் பார்த்துச் சொன்னார். அது உடை குறித்த ஆலோசனை என்று தீர்ப்பானது. மெய்யப்பருக்கு இதில் கூச்சமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் காது மடல் லேசாகச் சுடும். வெயில் என்று நினைத்துக்கொள்வார்.

மெய்யப்பருக்கு ஒரே மகள், அலமேலு. தாயில்லாப் பெண். ஊருக்கு மேலே இருந்த பேரேரிக்கு அவள்தான் கண்காணிப்பாளர். அம்மாவின் பித்தளை வளையல் ஒன்றைக் கழற்றாமல் போட்டிருப்பாள். மதகுச் சக்கரத்தில் இடித்து இடித்து அது ஒரு பக்கம் சப்பையாகிப் போயிருந்தது.

மழைக்காலத்துக்கு முன்பு அலமேலு பேரவைக்கு வந்தாள். தென்கரை ஊறிவிட்டது, ஏரியைக் கொஞ்சம் வடித்துவிட வேண்டும், மழை வலுக்கிறவரை பள்ளத்தெரு ஜனங்களை மேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

பொதுப்பணி மந்திரி நல்ல மனிதர். "அதுல என்ன, கொஞ்சம் தண்ணி திறந்து விட்டுட்டாப் போச்சு..." என்று ஆரம்பித்தார். வாக்கியம் முடிவதற்குள் அவருக்கு வளையல் தட்டு வந்துவிட்டது. தண்ணீரைக் கண்டு பயந்தவர் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. அதற்கப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

முதல் மீசையார் எழுந்தார். "ஏரிக்குப் பயந்து ஊரைக் காலி பண்றதா? இந்த மார்தட்டிபுரமா?"

"பயந்தவங்கதாங்க கரையைப் போய்ப் பாப்பாங்க" என்றாள் அலமேலு. "பயப்படாதவங்க யாராவது இந்த வருஷம் அங்க வந்தீங்களா?"

முதல் மீசையாரின் மீசை இரண்டு பக்கமும் துடித்தது.

"அடங்காப்பிடாரி! இதுக்குத்தான் பொட்டச்சியைக் கொண்டுபோய் மதகுல வைக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். வீட்ல அடக்கி வளத்திருந்தா இப்படிச் சபையில வந்து வாயாடுமா?"

சொல்லிவிட்ட பிறகுதான் அது யாருடைய வீடு என்று எல்லோருக்கும் நினைவு வந்தது. அவை முழுக்க மெய்யப்பர் பக்கம் திரும்பியது. அலமேலுவும் திரும்பினாள்.

மெய்யப்பர் எழுந்தார். கண்ணை வழக்கத்தைவிட இறுக்கமாக மூடினார்.

"இடம் பேரவை. இங்கே சூடு இயற்கை. பொருள் ஏரி. ஏரி என்றால் கொந்தளிப்பு உண்டு. ஏவல், ஒரு தந்தைக்குரிய கண்டிப்பு. ஆகவே, முதல் மீசையார் சொன்னது வசையல்ல. அது... ஒரு வானிலைக் குறிப்பு."

மார்புகள் அதிர்ந்தன. கண்ணைத் திறந்தபோது மகள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க, மந்திரி ஐயா" என்றாள். பிறந்தது முதல் அப்பா என்று கூப்பிட்ட வாய்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிவிட்டுக் கேட்டாள்: "அந்த வார்த்தையை நீங்க அம்மாவை எப்பவாச்சும் சொல்லியிருக்கீங்களா?"

"சீச்சீ, என்னம்மா பேச்சு இது."

"கோபத்துலகூட?"

"இல்லவே இல்ல."

"அப்ப உங்களுக்கு வசைன்னா என்னன்னு நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காது மடல் சுட்டது. இரவில் வெயில் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

வெட்கப்பட்ட மனிதன் சும்மா இருக்க மாட்டான், சட்டம் போடுவான். மெய்யப்பர் யோசித்தார். திட்டுகிறவர்களை நிறுத்த முடியாது, அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆனால் திட்டு எப்போது குற்றமாகிறது? ஒரு பெண் கேட்கும்போது. ஆண்கள் மட்டும் இருந்தால் அது சும்மா பேச்சு. ஆகவே, பெண்களின் மானத்தைக் காக்க, ஆண்கள் பேசும் இடங்களில் பெண்கள் இருக்கக் கூடாது. பேரவை, சந்தை, படகுத்துறை, பள்ளிக்கூடம், பஞ்சு ஆலை, மருத்துவச்சாலை என்று தொடங்கிய சட்டம் கடைசியில் தெருவில் வந்து நின்றது. தெருவிலும் ஆண்கள் பேசினார்கள். தாய்க்குலத்தைக் காத்த தனயன் என்று மெய்யப்பருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

மதகும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. இரண்டு வண்டை வார்த்தை சொல்லாமல் மதகுச் சக்கரம் திரும்பாது என்று அதிகாரி ஒருவர் அறிக்கை கொடுத்திருந்தார்.

"அந்தம்மா இருந்தா எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே" என்றான் மதகாள் ஒருவன். "அவங்க வந்தா நாங்களே வாயை அடக்கிக்குவோம்."

"உனக்கு ஒண்ணும் இல்லைய்யா, உன் வாய்க்குச் சிரமமா இருக்கும்ல" என்று அதிகாரி பரிவோடு விளக்கினார்.

அலமேலுவின் வேலை போனது. அடுத்து வளையல் போனது. தேர்தல் நெருங்கியதால் இரண்டு கட்சியும் ஒருவருக்கொருவர் தட்டு தட்டாக அனுப்பி, நாட்டில் வளையல் தட்டுப்பாடு வந்துவிட்டது. ஆண்களைத் திட்டும் உயரிய பணிக்காகப் பெண்கள் தங்கள் வளையல்களை ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. மந்திரி வீடு முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? அலமேலு பித்தளை வளையலைக் கழற்றினாள். சப்பையான பக்கம் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டது. சோப்புப் போட்டு இழுக்க வேண்டியிருந்தது. மெய்யப்பரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிறகு மழை வந்தது. வானத்தைக் கவிழ்த்துவிட்டு யாரோ தட்டிக் கொட்டிய மாதிரி மழை. பேரவை கூடியிருந்தது. தண்ணீர் வாசல்படியைத் தாண்டி வந்தது. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் எழவில்லை. முதலில் எழுந்தவனுக்கென்று கதவோரம் தட்டு தயாராக இருந்தது. முழங்கால்வரை வந்தபோது வரி மசோதா விவாதத்தில் இருந்தது. இடுப்புவரை வந்தபோது அது நிறைவேறியது. மார்புவரை வந்தபோது அனைவரும் ஆமோதித்து மார்பைத் தட்ட, தண்ணீர் தெறித்து ஒருவர் முகத்தில் ஒருவருக்கு அடித்தது. வளையல் தட்டுகள் மிதந்து வந்து ஆளுக்கொன்றாய் முட்டி நின்றன.

"மெய்யப்பரே," என்றார் முதல் மீசையார், தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "இந்த நெலமையில எழுந்திரிச்சா அது கோழைத்தனமா, இல்ல இடம்பொருளா? சீக்கிரம் சொல்லும்!"

மெய்யப்பர் கண்ணை மூடினார். ஒன்றும் தோன்றவில்லை. பள்ளத்தெருவில் எத்தனை குழந்தைகள் என்றுதான் தோன்றியது. தீர்ப்புச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தார், எல்லோரையும் போல. அத்தோடு தண்ணீர் ஏறுவது நின்றது. மெல்ல வடியத் தொடங்கியது.

நடந்தது இதுதான். தெருவில் நிற்கக் கூடாது என்று துரத்தப்பட்ட பெண்களுக்குப் போக ஒரே இடம்தான் மிச்சமிருந்தது. ஏரிக்கரை. அங்கே போவது பயத்தின் அடையாளம் என்பதால் ஆண்கள் யாரும் வருவதில்லை. மழையில் மதகாட்களும் வராமல் நின்றுவிட்டார்கள். அலமேலு பள்ளத்தெருவை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, தென்கரைக்கு மண்மூட்டை அடுக்கி, மிச்சத் தண்ணீர் போகிற மறுகாலைத் திறந்துவிட்டாள். மறுகால் ஓடை காலகாலமாக எந்த வழியில் போகுமோ அந்த வழியில்தான் போனது. அந்த வழியைத் தூர்த்து அதன்மேல்தான் பேரவையைக் கட்டியிருந்தார்கள். தண்ணீருக்கு ஒதுங்கிக் கட்டுவது ஆண்மைக்கு அழகில்லையே. மிச்சத் தண்ணீர் ஓடித் தீர்ந்ததும் பேரவையிலும் வடிந்தது.

மெய்யப்பர் ஈர வேட்டியோடு கரைக்கு ஓடினார். பெண்கள் வரிசையாக நின்று மூட்டை கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருத்தி மலைத்துப்போய் நின்றுவிட்டாள்.

"ஏண்டி, மந்திரி மாதிரி கண்ணை மூடிக்கிட்டு நிக்கிற? தூக்குடி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கரை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு நின்ற பிறகுதான் அவரைப் பார்த்தார்கள். சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அலமேலு சிரிக்கவில்லை. "வேலை நடக்குது, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க மந்திரி ஐயா" என்றாள்.

அவர் ஒதுங்கி நின்றார். இடத்தையும் பொருளையும் எவ்வளவு எடை போட்டும் அந்தப் பெண் சொன்னதில் ஒரு பிழையும் அவருக்குக் கிடைக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் பேரவை அசையாமல் உட்கார்ந்து வெள்ளத்தைத் தோற்கடித்ததாக அறிவிப்பு வந்தது. அலமேலுவையும் மறக்கவில்லை. அன்று ஒருநாள் மட்டும் சட்டத்தைத் தளர்த்தி அவளை அவைக்கு அழைத்தார்கள். முதல் மீசையார் ஒரு வெள்ளித் தட்டை நீட்டினார். அதில் பட்டுத் துணிமேல் ஒரு முறுக்கு மீசை இருந்தது. கட்டிக்கொள்ள நூல்கூட வைத்துத் தைத்திருந்தார்கள்.

"அலமேலு!" என்று முழங்கினார். "நீ பொம்பளையே இல்லம்மா. ஆம்பளை!"

அவை எழுந்து மார்பைத் தட்டியது. அந்த நாட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அலமேலு தட்டை வாங்கவில்லை. "இது பாராட்டுங்களா, திட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு அப்பா இருந்த பக்கம் திரும்பினாள்.

மெய்யப்பர் எழுந்தார். இந்த முறை கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"கரையைக் காப்பாத்துனது ஒரு பொம்பளை" என்றார். "அதை ஒத்துக்க நமக்கு வாய் வரல. அதனால அவ பொம்பளையே இல்லைங்கிறோம். இது வசைதான். அன்னிக்குச் சொன்னதும் வசைதான். எந்த இடத்துல வெச்சு நிறுத்தாலும் வசைதான். அன்னிக்கே எனக்கு அது தெரியும்."

வளையல் தட்டு வந்தது. மேளம் இல்லாமலே, அவ்வளவு வேகமாக. மந்திரி உட்கார்ந்ததும் அவர் மடியில் வைத்துவிட்டு அவை சிரித்தது. மெய்யப்பர் குனிந்து பார்த்தார். கண்ணாடி வளையல்களுக்கு நடுவே ஒரு பித்தளை வளையல் இருந்தது, ஒரு பக்கம் சப்பையாக.

தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, பொன்னெழுத்துகளுக்குக் கீழாக வெளியே வந்தார். "பொட்டச்சி போகுது பாருய்யா" என்று பின்னால் கேட்டது. காது மடல் சுடவில்லை. சுட்டது நெஞ்சுதான், அதுவும் வேறு காரணத்துக்காக.

வீட்டு வாசலில் அலமேலு பித்தளை வளையலை எடுத்துக்கொண்டாள். உடனே போட்டுக்கொள்ளவில்லை, கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீதியெல்லாம் யாரோடது?"

"தெரியலம்மா."

"அப்ப கேட்டுக் கேட்டுக் கொடுத்துட்டு வாங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "கதவு தெறந்துதான் இருக்கும், அப்பா" என்றாள்.

அன்று கிளம்பினவர்தான். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அம்மா, உங்க கையில இருந்து பிடுங்கினது இதுல இருக்கான்னு பாருங்க" என்று கேட்டுக்கொண்டு போகிறார். சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்துகிறார்கள். தட்டு இன்னும் பாதிகூடக் குறையவில்லை என்கிறார்கள். மார்தட்டிபுரத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வரைபடம்தான் இல்லையே. உங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டால், தட்டில் இருப்பது யாருடைய வளையல் என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.