அரை விரல் குறைந்த மீன்

ஒரு காட்டில் ஒரு கரடி மீன் வளர்த்தது. கரடிக்கு எதற்கு மீன் என்று கேட்பீர்கள். தனிக்கட்டை, குகையில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. போதுமா? மேலே போவோம்.

கரடியின் பேர் குப்பாண்டி. மீனின் பேர் செவந்தி, ஆரஞ்சு நிறத்தில் மூன்று விரல் நீளம். விற்றது நீர்நாய். மீன் விற்க நீர்நாயை விட்டால் யார்? தின்றது போக மிச்சத்தை விற்றது. ஊறுகாய் பாட்டில் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, செவந்தியை உள்ளே போட்டு, மூடியில் நாலு ஓட்டை குத்திக் கொடுத்தது. பாட்டில் சின்னதாக இருக்கிறதே என்று கரடி இழுத்ததற்கு, தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும், அது கடவுள் கணக்கு என்று சொல்லிவிட்டது.

இரண்டு வருஷம் ஆனது. மூன்று விரல் மூன்று விரலாகவே நின்றது. கரடிக்குப் பரம திருப்தி. பாட்டிலுக்குத் தக்கபடி அடக்கமாக இருக்கிறாயே என்று ஒருநாள் மீனைப் பாராட்டியது.

செவந்தி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு சொன்னது: "அடக்கமாவது மண்ணாவது. என் மூத்திரத்துக்குள்ளேயே நான் கிடக்கேன் அண்ணே. அதுல எவ வளருவா? முதுகு வளையுது பாருங்க. இன்னும் ஒரு மாசம் தாங்கினா பெரிசு."

கரடிக்கு அன்றைக்குத் தூக்கம் போயிற்று. குளத்தில் விட முடியாது, குளத்தில் நீர்நாய். பெரிய கண்ணாடித் தொட்டி மீன்வளர்ப்பு அலுவலகத்தில் மட்டும்தான் உண்டு. விடிந்ததும் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய் வரிசையில் நின்றது. முன்னால் முள்ளம்பன்றி. அதனால் நெருக்கடி இல்லை.

அங்கே அதிகாரி உடும்பு. நாற்காலியை ஒருமுறை பிடித்தது, பதினோரு வருஷமாக விடவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாலு விரலுக்குக் குறைந்த மீனுக்குப் பெரிய தொட்டி தர விதி இல்லை, மீன் வளர்ந்த பிறகு வாரும் என்றது. பெரிய தொட்டி கொடுத்தால்தானே ஐயா வளரும் என்றது கரடி. அந்த யோசனைக்குத் தனிப் படிவம் இருக்கிறது, அது அச்சில் இல்லை என்றது உடும்பு.

கரடி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சரி, அளந்துதான் தொலைப்போம் என்று உடும்பு நாடாவை எடுத்தது. தண்ணீரில் கைவிட்டால் கோப்பு நனையும்; ஆகவே நாடாவைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து மீனை அளப்பதுதான் அந்த அலுவலகத்து வழக்கம். பாட்டிலோ உருண்டை. தண்ணீர் நிறைந்த உருண்டைப் பாட்டில் உள்ளே இருப்பதைப் பெரிசாகக் காட்டும். செவந்தி மெல்லப் பின்பக்கமாகப் போய் அசையாமல் ஒட்டிக்கொண்டது. அங்கே போனால் இன்னும் பெரிசு.

"ஐந்து விரல்" என்று எழுதியது உடும்பு.

கரடி நேர்மையான பிராணி. ஐயா, அது பாட்டில் காட்டுகிற... என்று ஆரம்பித்தது. செவந்தி வாலால் தண்ணீரை ஓங்கி அடித்தது. மூடி ஓட்டை வழியே கரடியின் மூக்கில் தெறித்தது. கரடி வாயை மூடிக்கொண்டது. உடும்பு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியது.

தொட்டி வந்தது. மூன்று முழ நீளம், தட்டைக் கண்ணாடி. கரடி அதன்பிறகு மீனைக் கவனித்த மாதிரி ஒரு தாய் பிள்ளையைக் கவனித்திருக்காது. செவ்வாய்க்குச் செவ்வாய் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றும். புதுத் தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்துவிடும். இரை இரண்டு சிட்டிகை. மூன்றாவது சிட்டிகைக்குக் கை போனால் தன் கையைத் தானே அடித்துக்கொள்ளும். செவந்தி முதுகு நிமிர்ந்தது. மினுமினுத்தது. ஒரு வருஷத்தில் மூன்று விரல் நாலரை விரல் ஆனது. கரடி போகிற வருகிற பிராணியை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியது.

வருஷாந்திர ஆய்வுக்கு உடும்பு வந்தது. நாடாவைக் கண்ணாடியில் வைத்தது. கோப்பைப் பார்த்தது. மறுபடி நாடாவைப் பார்த்தது.

"போன வருஷம் ஐந்து. இப்ப நாலரை. அரை விரல் எங்கே ஓய்?"

கரடி சிரித்துவிட்டது. மூன்றாக இருந்தது, நாலரை ஆகியிருக்கிறது, பாட்டில்தான் பெரிசாகக் காட்டியது என்று எல்லாவற்றையும் கொட்டியது. உடும்பு சிரிக்கவில்லை.

"அப்ப என் கையெழுத்து பொய்யா?"

உடும்பு நிதானமாக விளக்கியது. வழி இரண்டுதான். போன வருஷ அளவு தப்பு என்றால் ஒதுக்கீடு ரத்து. தொட்டியை இப்போதே தூக்கிப்போவோம், மீன் பழையபடி பாட்டிலுக்கு. இப்போதுதான் நாலைத் தாண்டிவிட்டதே என்றால், அதற்குப் புது விண்ணப்பம், தொட்டி வர ஒரு வருஷம். அளவு சரி என்றால், கவனிக்காமல் விட்டு மீனை அரை விரல் சுருக்கியது கரடி. அதை எழுதிக் கொடுக்க வேண்டும், பேர் அறிவிப்புப் பலகையில் ஏறும், பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். மீன் தேறுவதற்காகத் தொட்டி அங்கேயே இருக்கும்.

கரடி தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தது.

"எழுதிக் குடுங்க அண்ணே" என்றது செவந்தி.

"என்ன தாயி பேசற. உன்னைப் பட்டினி போட்டேன்னு என் கையாலயே எழுதணுமா? காடு பூரா காறித் துப்புமே."

"துப்பட்டும். துப்பினது காஞ்சிரும். பாட்டிலுக்குப் போனா நான் மிஞ்ச மாட்டேன்."

கரடி பேனாவை வாங்கியது. 'என் கவனக்குறைவால் மேற்படி மீன் அரை விரல் குறைந்தது' என்று எழுதிக் கைநாட்டும் வைத்தது. எழுதத் தெரிந்த பிராணி கைநாட்டு எதற்கு வைத்தது என்றால், அந்த வரிக்குக் கீழே தன் பேரை எழுத மனசு வரவில்லை.

பலகையில் பேர் ஏறியது. அணில்கள் தங்கள் குஞ்சுகளை அந்தக் குகைப் பக்கம் விடுவதில்லை. முயல்கூட வழியில் பார்த்து, உனக்கெல்லாம் எதற்கய்யா மீன் என்று கேட்டுவிட்டுப் போனது. புதன்தோறும் பயிற்சி வகுப்பு; பாடம் நடத்தியது கொக்கு. வளர்க்கிற பாடமா, பிடிக்கிற பாடமா என்று யாரும் கேட்கவில்லை. கரடி முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. சொன்னது எதையும் செய்யவில்லை.

செவந்தி இப்போது எட்டு விரல். கோப்பில் இன்னும் சுருங்கிய மீன்தான்.

நீதி: ஒழுங்காக வளர்க்கிறவன், வளர்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், தொடர்ந்து ஒழுங்காக வளர்க்கலாம்.